அந்தக் கமிட்டியை அக்காவுக்குத் தெரியாது

படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு அக்கா பின்னால் நகர்கிறாள். மற்ற இரண்டு முனைகள் என் கையில். விரிப்பு தொய்வில்லாமல் இழுபட்டதும், "ரிலக்டன்ட்" என்கிறாள். ஓர் உதறு. "செய்ய மனசு வராம இழுத்துக்கிட்டு நிக்கிறது." இன்னோர் உதறு. பிறகு இருவரும் எதிரெதிரே நடந்து வருகிறோம். அவளுடைய முனைகள் என்னுடைய முனைகளோடு சேருகிற இடத்தில், என் மூக்குக்கு நேராக நின்று, வாக்கியத்தைச் சொல்கிறாள்: "மை ஹஸ்பண்ட் இஸ் ரிலக்டன்ட் டு ஓபன் ஹிஸ் மவுத்."

அவள் வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். முந்தின நாள்தான் வீங்கின கன்னத்தோடு பல் டாக்டரிடம் போனார். நாற்காலியில் சாய்ந்தவர் வாயைத் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்து, அதே கன்னத்தோடு வீடு திரும்பினார். அக்காவுக்கு அது போதும். விரிப்பு நாலாக மடிந்து மேஜைக்குப் போனது. அடுத்த விரிப்பை எடுத்தோம். இந்தத் தடவை அதே சொல்லையும் அர்த்தத்தையும் நான் சொல்ல வேண்டும். வாக்கியம் மட்டும் என் சொந்தமாக இருக்க வேண்டும். "அக்கா, ஆளை விடு" என்றால் விடமாட்டாள். விரிப்பின் மறுமுனை அவள் கையில் இருக்கும்போது நான் எங்கே ஓடுவது?

நாங்கள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். கட்டடத்தின் அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத நீள அறை. மாடி வார்டுகளிலிருந்து அழுக்குத் துணி மூட்டைகள் ஒரு குழாய் வழியாகப் பொத்துப் பொத்தென்று வந்து விழும். ஒரு பக்கம் பிரிக்கிற மேஜை, நடுவில் ஆள் உயரச் சலவை இயந்திரங்கள், அப்புறம் விரிப்புகளை விழுங்கி மறுபுறம் மொறமொறவென்று துப்புகிற சுடு உருளை, கடைசியில் மடிக்கிற இடம். அங்கே பேச வேண்டுமென்றால் கத்தத்தான் வேண்டும். அக்காவின் ஆங்கிலம் முழுக்கக் கத்திக் கற்ற ஆங்கிலம். வீட்டிலும் அவள் ஒரு சொல்லை மெதுவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் அல்ல. என் கணவரின் அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. மாடியில் அவர்கள், கீழே நாங்கள். ஒரே வீடு, ஒரே வேலை, ஒரே பஸ். "மண்டை உடையாம எப்படி இருக்கீங்க?" என்று கேட்காத ஆளில்லை. மண்டை உடைகிற நிலைக்கு நாங்கள் பலமுறை வந்திருக்கிறோம். அப்போதெல்லாம் அவள் நடுவில் நிறுத்தி, "இரு, இப்ப நீ பண்றதுக்கு ஒரு வார்த்தை இருக்கு" என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவாள். எதிராளி யோசித்துக்கொண்டு நின்றால் எப்படிச் சண்டை போடுவது? எனக்கு மூக்கு மேல் வந்த கோபம் அங்கேயே நின்றுவிடும்.

நான் இதை எழுதும்போது சலவைக்கூடத்தின் சூப்பர்வைசர் நாற்காலி காலியாக இருக்கிறது. அதில் உட்கார அக்கா ஆசைப்படுகிறாள். அந்த ஆசைக்கு என் வலது கை ஆள்காட்டி விரல்தான் காரணம். அதற்கு வருகிறேன். முதலில் அவள் சொல் பிடிக்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

காலையில் அவளுடைய போனில் ஒரு சொல் வந்து விழும். கல்லூரியில் படிக்கிற மகள் ஏற்றிக்கொடுத்த ஏற்பாடு அது. சொல், அதன் கீழே எளிய ஆங்கிலத்தில் அர்த்தம், அதற்கும் கீழே உதாரணத்துக்கு ஒரு வாக்கியம். பஸ் ஏறுவதற்குள் சொல்லையும் அர்த்தத்தையும் அக்கா வாங்கிக்கொள்வாள். வாக்கியத்தைத்தான் அவளுக்குப் பிடிக்காது.

"யாருடி இந்தக் கமிட்டி?" என்று ஒருநாள் பஸ்ஸில் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "எதை எடுத்தாலும் இவங்கதான். கமிட்டி தயங்குச்சு, கமிட்டி ஒத்துக்கிச்சு, கமிட்டி தள்ளிப்போட்டுச்சு. இவங்களுக்கு வேற வேலையே கிடையாதா? கமிட்டி இல்லைன்னா ஒரு விஞ்ஞானி வந்துடறாரு. அவரும் இல்லைன்னா யாரோ மலை ஏறுறாங்க. நமக்குத் தெரிஞ்ச ஒருத்தர்கூடவா இங்கிலீஷ்ல எதுவும் பண்ணலை?"

அன்றிலிருந்து உதாரண வாக்கியத்தைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டுதான் படிக்கிறாள். வாக்கியத்தை அவளே செய்வாள். அதற்கு அவள் வைத்திருக்கிற சட்டம் ஒன்றே ஒன்று. வாக்கியம் நிஜமாக இருக்க வேண்டும். அவளுக்குத் தெரிந்த ஆள், நடந்த காரியம். "பொய்யா ஒரு வாக்கியம் சொன்னா வார்த்தை ஒட்டாது. ரெண்டு நாள்ல உதிர்ந்துடும்" என்பது அவள் கட்சி. இதை அவள் எங்கிருந்து பிடித்தாளோ, யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனால் உதிராமல் நிற்கிறது என்பதற்கு நான் சாட்சி. எனக்கு நேற்றுச் சொன்னது இன்றைக்கு இருக்காது.

இந்தச் சட்டத்தால் வீட்டில் படாத பாடு படுகிறோம். யார் எதைச் செய்தாலும் சொல்லாகிவிடுவோமோ என்று பயம். என் கணவர் எலெக்ட்ரீஷியன். ஊருக்கெல்லாம் விளக்குப் போட்டுவிட்டு எங்கள் குளியலறை விளக்கை மாதக்கணக்கில் பார்க்காமல் விட்டவர். "ப்ராக்ராஸ்டினேட்" என்றால் வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பது. அது வந்த அன்று அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்து, இருட்டுக் குளியலறை வாசலில் நின்று வாக்கியத்தைச் சொன்னாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் சத்தத்தின் தோரணையில் ஏதோ உறைத்திருக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் விளக்கு எரிந்தது.

பக்கத்து வீட்டு அம்மா எங்கள் ஜன்னலை அவர்கள் டிவியைவிட அதிகமாகப் பார்ப்பவர். "நோஸி" என்ற சொல்லுக்கு அர்த்தம், அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிறவர். அக்கா அதற்கு வாக்கியம் செய்ததோடு நிற்காமல், "உங்களை வெச்சு ஒரு வாக்கியம் பண்ணியிருக்கேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்று அந்த அம்மாவிடமே போய்ச் சொல்லி, அர்த்தத்தையும் விளக்கினாள். சம்பந்தப்பட்டவரிடம் சொல்லாமல் வாக்கியம் வைத்துக்கொள்வது புறம் பேசுவது மாதிரி என்பது அவள் எண்ணம். அந்த அம்மா சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் அவரே வேலியோரம் வந்து, "எங்க வீட்டுக்காரருக்கு ஏத்த மாதிரி ஏதாவது வந்தா சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டார்.

எங்கள் மாமனார் மட்டும் விதிவிலக்கு. அவராகவே விரும்பி வந்து மாட்டிக்கொள்கிறவர். காலையில் அக்கா படி இறங்கும்போதே, "இன்னிக்கு நான் எதுலயாவது வர்றேனா?" என்று கேட்பார். "அப்ஸ்டினேட்" அவருக்குக் கிடைத்தது. சொன்னதைக் கேட்காத பிடிவாதக்காரர் என்று அர்த்தம். அதை ஒரு பட்டம் மாதிரி வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "எக்ஸ்டிங்ட்" வந்தபோது, பூமியிலிருந்தே இல்லாமல் போய்விட்டது என்ற அர்த்தத்தைக் கேட்டுவிட்டு, "நான் போனதும் என் பேரைப் போட்டுக்கோ" என்றார்.

"அதுக்கு ஒரு இனமே போகணுமாம் மாமா. நீங்க ஒருத்தர் போனா பத்தாது" என்றாள் அக்கா.

அவர் சிரித்துச் சிரித்துப் புரையேறி, கடைசியில் நான் தண்ணீர் கொண்டுவந்தேன்.

இப்படி வாக்கியம் கிடைக்காமல் காத்திருக்கிற சொற்கள் அவளிடம் சில உண்டு. அர்த்தம் தெரியும், ஆள் கிடைக்காது. அவற்றை அவள் கற்றதாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. "லக்ஸூரியஸ்" என்றால் சொகுசானது. அது வெகுகாலம் அப்படி நின்றது. எங்கள் வாழ்க்கையில் எதைப் பார்த்து அதைச் சொல்வது? ஒருநாள் தனியறை நோயாளிகளுக்கென்று புது விரிப்புகள் வந்தன. முதல் சலவை முடிந்து உருளையிலிருந்து வெளியே வந்த ஒன்றை அக்கா கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டாவது தரமும் வைத்துப் பார்த்தாள். "கிடைச்சுடுச்சுடி!" என்று கத்தியதில் பிரிக்கிற மேஜைக்காரர்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள்.

அர்த்தத்தைப் படிக்கும்போதும் அவளுக்குத் தனி வழக்கம் இருக்கிறது. அர்த்தத்தில் தெரியாத சொல் ஒன்று இருந்தால் அதைத் தாண்டிப் போகமாட்டாள். அந்தச் சொல்லின் அர்த்தத்தைத் தேடுவாள், அதற்குள் இன்னொன்று இருக்கும், அதையும் தேடுவாள். ஒரு தடவை "டிமிட்" என்றால் "ஷை" என்று போட்டிருந்தது. "ஷை"யைத் தேடிப் போனால் "டிமிட்" என்று போட்டிருந்தது. அக்காவுக்கு வந்ததே கோபம். "இவன் அவனைக் கைகாட்டுறான், அவன் இவனைக் கைகாட்டுறான். நம்ம ஆபீஸ் மாதிரியே இருக்கு!"

உச்சரிப்பு கொஞ்சம் அப்படி இப்படித்தான். மகள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வாள். வாக்கியத்தில் வர வேண்டியது வராது, வரக்கூடாதது வந்து உட்கார்ந்துகொள்ளும். அக்கா அதற்கெல்லாம் அசருகிறவள் அல்ல. "நான் சொன்னது உனக்குப் புரிஞ்சுதா? புரிஞ்சுதுல்ல? அப்புறம் என்ன?"

என்னைப் பற்றியும் அவளிடம் வாக்கியங்கள் உண்டு. பாதிக்கு மேல் என் வாய்த்துடுக்கைப் பற்றியவை. என்னை என்னவென்று குறிப்பிடுவது என்பதில்தான் அவளுக்கு ஆரம்பத்தில் சங்கடம். ஓரகத்திக்கு இங்கிலீஷில் என்ன என்று மகளிடம் கேட்டாள். மகள் சொன்ன சொல் நாத்தனாருக்கும் அதேதான், கொழுந்தியாளுக்கும் அதேதான் என்று தெரிந்ததும், "எல்லாரையும் ஒரே மூட்டையில கட்டுறாங்க, எனக்கு வேணாம்" என்று தள்ளிவிட்டாள். அன்றிலிருந்து அவள் வாக்கியங்களில் நான் "மை சிஸ்டர்". என்னிடம் இதைச் சொல்லவில்லை. விரிப்பு மடிக்கும்போது ஒருநாள் காதில் விழுந்தது. எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. அந்த விரிப்பை விளிம்பு பிசகாமல் மடித்தேன்.

இப்போது என் விரலுக்கு வருகிறேன்.

அப்போது நான் பிரிக்கிற மேஜையில் இருந்தேன். மேல் வார்டுகளில் விரிப்பைச் சுருட்டுகிறவர்கள் அதற்குள் ஊசி, கத்தரி, பிளேடு எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் குழாயில் போட வேண்டும். சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியும் வைத்திருக்கிறார்கள். அன்று அறுவை சிகிச்சை வார்டிலிருந்து வந்த விரிப்பை நான் பிரித்தபோது, தடித்த கையுறையைத் தாண்டி ஓர் ஊசி விரலில் ஏறியது. யாருக்குப் போட்ட ஊசி, அவருக்கு என்ன நோய், ஒன்றும் தெரியாது. அதற்கப்புறம் ரத்தப் பரிசோதனை, சில மாதம் கழித்து மறுபடி பரிசோதனை, அதற்கும் பிறகு இன்னொன்று. கடைசியில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். நடுவில் இருந்த மாதங்களில் என் குழந்தையைத் தூக்கவே நான் பயந்தேன். அந்தப் பயத்தை எந்தப் பரிசோதனையிலும் யாரும் எழுதவில்லை.

ஊசி ஏறிய அன்றே அக்கா என்னை இழுத்துக்கொண்டு மேலே ஆபீசுக்குப் போனாள். அங்கே இருந்தவர், "இன்சிடென்ட் ரிப்போர்ட் வேணும்மா. உங்க சூப்பர்வைசர் எழுதி அனுப்பணும், இங்கிலீஷ்ல. வாயால சொன்னா நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அப்போதைய சூப்பர்வைசர் தங்கமான மனிதர். யாருக்கும் கெட்டவராக ஆகப் பிடிக்காதவர். "எழுதறேன் எழுதறேன்" என்றார். வார்டில் கேட்டால் நர்ஸைச் சொன்னார்கள், நர்ஸைக் கேட்டால் துப்புரவு ஆளைச் சொன்னார்கள். நாளாக ஆக "எழுதறேன்" என்பது "இப்ப எதுக்கும்மா அதைக் கிளறிக்கிட்டு, உனக்குத்தான் ஒண்ணும் இல்லைன்னு ஆயிடுச்சே" என்று ஆனது. அறிக்கை எழுதப்படவே இல்லை. அதற்கப்புறமும் விரிப்புகளில் ஊசி வந்திருக்கிறது. யார் கையிலும் ஏறவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம்.

ஊசி ஏறிய அந்த வாரம்தான் அக்கா மகளிடம் போனை நீட்டி, "தினம் ஒரு வார்த்தை வர்ற மாதிரி பண்ணிக் குடு" என்றாள். நான் ஏதோ பொழுதுபோக்கு என்று நினைத்துக் கிண்டல் செய்தேன். எனக்கு உறைக்கவே நாளாயிற்று. சூப்பர்வைசர் ஓய்வு பெறுகிற வருஷம் அவளுக்குத் தெரியும். எழுதுகிற பேனா யார் கையில் இருக்கிறதோ அவர் எழுதினால்தான் மேலே கேட்பார்கள் என்பதும் தெரிந்துவிட்டது. அந்தப் பேனாவுக்காகத்தான் அவள் பஸ்ஸில் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

"நெக்லிஜன்ட்" அவளுக்குப் போன வருஷம் வந்தது. எடுக்க வேண்டிய கவனத்தை எடுக்காமல் விடுகிறவர் என்று அர்த்தம். ஆளைத் தேட வேண்டிய அவசியமே அவளுக்கு இருக்கவில்லை. விரிப்பை உதறி, எதிரே நடந்து வந்து, என் கையோடு கை சேரும்போது வாக்கியத்தைச் சொன்னாள். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "அறுவை சிகிச்சை வார்டு கவனமில்லாமல் விட்டது, ஊசி என் தங்கையின் விரலுக்குள் போனது." அன்று அதைத் திருப்பிச் சொல்லும்படி அவள் என்னைக் கேட்கவில்லை.

சூப்பர்வைசர் பதவிக்கு ஆங்கிலத்தில் எழுத்துப் பரீட்சை என்று அறிவித்ததும் கூடமே அவள் பின்னால் நின்றது. போட்டிக்கு ஸ்டோர்ஸிலிருந்து ஒருவர் மட்டும். நல்ல மனிதர், ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. பாதுகாப்பு விதிகளில் வருகிற சொற்களைக் கொடுத்து அர்த்தம் எழுதச் சொல்வார்கள், பிறகு சொந்த வாக்கியம் கேட்பார்கள் என்று செய்தி கசிந்தது. சுவரில் ஒட்டியிருக்கிற விதிகளில் முதல் வரியிலேயே அந்த "நெக்லிஜன்ட்" இருக்கிறது.

பரீட்சைக்கு முந்தின நாள் விரிப்பு மடிக்கும்போது கெஞ்சினேன். "அக்கா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் உன் சட்டத்தை ஓரம் கட்டு. திருத்தப் போறது நிர்வாக அதிகாரி. அந்த வார்த்தை வந்தா அவர் ஆஸ்பத்திரியையே குத்தம் சொல்லி அவர்கிட்டயே நீட்டுவியா? பேசாம அந்தக் கமிட்டியைப் போட்டு எழுதிடு. கமிட்டி நெக்லிஜன்ட்டா இருந்துச்சுன்னு எழுது, யாருக்கு என்ன?"

அக்கா முனைகளை என் கையில் கொடுத்துவிட்டு, மடிந்த விளிம்பைத் தடவி நேராக்கினாள்.

"அந்தக் கமிட்டியை எனக்குத் தெரியாதேடி" என்றாள்.

"தெரியலைன்னா என்ன? பதவி வந்துட்டா அப்புறம் நீயே நூறு ரிப்போர்ட் எழுதலாமே!"

"அது நியாயம்தான்" என்றாள். அவள் ஒத்துக்கொண்டாளா இல்லையா என்பது எனக்கு விளங்கவில்லை. அன்றைக்கு அவளோடு மல்லுக்கட்டி ஜெயிக்க எனக்குத் தெம்பில்லை.

பரீட்சை முடிந்து அவள் கீழே வந்தபோது எல்லோரும் சூழ்ந்துகொண்டோம். "சுமாரா எழுதியிருக்கேன்" என்றாள். "அது வந்துச்சா?" என்று நான் கேட்டேன். "வந்துச்சு." "என்ன எழுதின?" அவள் கையுறையை மாட்டிக்கொண்டே, "என்ன எழுதுவேன்னு உனக்குத் தெரியாதா?" என்றாள். நான் அங்கேயே அவளைத் திட்டினேன். பிழைக்கத் தெரியாதவள், பிடிவாதக்காரி, மாமனாருக்கு ஏற்ற மருமகள் என்றெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அழுகையும் ஆத்திரமுமாக அன்று நான் மடித்த விரிப்புகள் ஒன்றும் விளிம்புக்கு விளிம்பு சேரவில்லை. அவள் அத்தனையையும் பிரித்துத் திரும்ப மடித்தாள்.

போன வாரம் நிர்வாக அதிகாரி எங்கள் இருவரையும் மேலே கூப்பிட்டனுப்பினார். என்னை எதற்கு என்று நினைத்தபடி போனேன். கொடுமைக்காரர் என்று அவரைச் சொல்ல முடியாது. களைத்த முகம், மேஜை நிறைய காகிதம். எங்களை உட்காரச் சொன்னார். அக்காவின் விடைத்தாளை எடுத்து, ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இதுல 'மை சிஸ்டர்'னு இருக்கே, யாரும்மா அது?"

"நான்தான் சார்" என்றேன்.

"இது நிஜமா நடந்ததா, இல்ல சும்மா வாக்கியத்துக்காக எழுதினதா?" கேட்டுவிட்டு, அவரே உடனே, "உதாரணத்துக்குத்தானே கேட்டிருந்தோம், கற்பனையாத்தான் எழுதியிருப்பாங்க, இல்ல?" என்றார்.

எனக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தார். "ஆமா சார், சும்மாதான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்காவுக்கு நாற்காலி வரும், பேனா வரும், இனி ஊசி வந்தால் அவள் எழுதுவாள். அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மாதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். குழந்தையைத் தூக்காமல் இருந்த மாதங்கள் குறுக்கே வந்து நின்றன.

"நடந்ததுதான் சார். இந்த விரல்."

அவர் பெருமூச்சு விட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அக்காவிடம் திரும்பி, குரலைத் தாழ்த்திப் பேசினார். "மத்த வாக்கியமெல்லாம் நல்லா இருக்கும்மா. ஸ்டோர்ஸ்காரரைவிட உங்களுக்குத்தான் மார்க் அதிகம். ஆனா இந்தப் பேப்பர் மேலே போகும். இந்த வரியைப் பார்த்தா, அப்பவே ஏன் ரிப்போர்ட் வரலைன்னு என்னைக் கேப்பாங்க, உங்க பழைய சூப்பர்வைசரைக் கேப்பாங்க. யாருக்கும் நல்லது இல்ல. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வேற மாதிரி எழுதிக் குடுத்துடுங்க. இன்னிக்கே உங்க பேரை அனுப்பிடறேன்."

வெள்ளைத்தாள் ஒன்றையும் தன் பேனாவையும் அவள் முன்னால் வைத்தார்.

எழுதிவிடு, எழுதிவிடு என்று எனக்கு உள்ளே அடித்துக்கொண்டது. நானோ உண்மையைச் சொல்லிவிட்டேன், அவளாவது பிழைத்துக்கொள்ளட்டும் என்று இருந்தது. அக்கா பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். வெள்ளைத்தாளை மெதுவாக ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, விடைத்தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு என்ன தேதிடி?" என்று கேட்டாள்.

அந்தத் தேதியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். சொன்னேன். அவள் அந்த வாக்கியத்துக்குக் கீழே தேதியை எழுதினாள். அறுவை சிகிச்சை வார்டு, சலவைக்கூடம், பிரிக்கிற மேஜை என்று ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில், எழுத்துக் கூட்டி, பக்கத்தில் எழுதினாள். என் முழுப்பெயரை எழுதினாள். கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.

"அம்மா, இது பரீட்சைப் பேப்பர்" என்றார் அதிகாரி.

"தெரியும் சார். ரிப்போர்ட்டும் இதுதான்."

கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு கிழித்தாள். தாளை அவர் படிக்கிற திசைக்குத் திருப்பி மேஜையில் நகர்த்தினாள். "வாங்கிக்கிட்டேன்னு இங்க நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க சார்" என்று சொல்லி, பேனாவை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்குகிற வரைக்கும் கையை இறக்கவில்லை.